காலியாகாத தொட்டி

1

ஊரிலிருந்து யாராவது போன் செய்து "எங்க இருக்கற?" என்று கேட்டால் எனக்குச் சங்கடமாகிவிடும். வீட்டில் என்று சொன்னால் முழு உண்மை இல்லை. வண்டியில் என்று சொன்னால், எங்கே போய்க்கொண்டிருக்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். நான் எங்கும் போகவில்லை. வண்டியிலேயே குடியிருக்கிறேன்.

கனடாவின் மேற்குக் கரையில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய மைதானம். விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடாரம் போட்டும், காருக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுத்து வந்தும் நாலு நாள், ஒரு வாரம் தங்கிப் போவார்கள். டிரெய்லர் என்றதும் நம் ஊரில் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லரை நினைக்க வேண்டாம். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், குளிக்க ஒரு மூலை எல்லாம் இருக்கிற பெட்டி வீடு இது. அடியில் நாலு சக்கரம். அந்த மைதானத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புல் வெட்டுவேன், கழிப்பறை கழுவுவேன், உடைந்த குழாயை மாற்றுவேன். வேலையோடு சேர்த்து, பின்பக்க மூலையில் என் டிரெய்லரை நிறுத்திக்கொள்ள இடமும் கொடுத்திருக்கிறார்கள்.

வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. என் மனைவி ஸ்டெல்லா விழுப்புரத்தில் நர்ஸ் படிப்பு படித்தவள். சவுதியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தாள். நானும் எங்கள் ஐந்து வயது மகள் ப்ரீத்தியும் பின்னாலேயே வந்தோம். விசாத் தாளில் என் பெயருக்கு நேராக 'சார்ந்து வருபவர்' என்று அச்சடித்திருந்தார்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதைவிடச் சரியாக என்னை யாரும் எழுதியதில்லை. நான் சார்ந்திருந்தவள் நாலு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனாள். அவள் இல்லாத அடுக்குமாடி வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் இந்த வண்டிக்கு வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் ஈதனுக்கு ஏழு வயது முடிந்தது. ப்ரீத்தி அவனை அழைத்து வந்தாள். இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இங்கே இருப்பவர்களிடம் சொன்னால், தொட்டியை ஏன் கழுவவில்லை என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊரில் இருக்கிற உங்களிடம் சொன்னால் வேறு ஏதாவது கேட்பீர்களோ என்ற ஆசையில் எழுதுகிறேன்.

2

தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கட்டிலுக்கு அடியில், தரைக்கும் சக்கரத்துக்கும் நடுவே, பிளாஸ்டிக்கில் செய்த தட்டையான தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. ஏழு கேன் தண்ணீர் பிடிக்கும். வண்டியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவைத் திறந்தால், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம். அதன் வழியாகத்தான் ஊற்ற வேண்டும். உள்ளே கை நுழையாது, வெளிச்சம் போகாது, எட்டிப் பார்க்க முடியாது. குழாயைத் திறந்தால் ஒரு சின்ன மோட்டார் உர்ரென்று சத்தம் போட்டுத் தண்ணீரைத் தள்ளும்.

விருந்தாளிகள் நிற்கிற இடங்களில் நேரடிக் குழாய் இணைப்பு உண்டு. என் மூலைக்கு மின்சாரம் மட்டும்தான். ஆகவே ஆபீஸ் பக்கத்துக் குழாயில் கேன்களைப் பிடித்து, கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, புனல் வைத்து ஊற்றுவேன். அது கிணற்றுத் தண்ணீர். ஒருவித விளக்கொளியில் சுத்தம் செய்கிறார்கள், மருந்து எதுவும் போடுவதில்லை.

அடுப்புக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அமுக்கினால் தொட்டியின் அளவை விளக்குகள் காட்டும். மூன்று எரிந்தால் நிறைவு. இரண்டு எரிந்தால் நான் கேனைத் தூக்கிவிடுவேன். ஒரே ஒரு விளக்கு எரிந்து நான் பார்த்தது கிடையாது. இரண்டு வருடம் எட்டு மாதம், அந்தத் தொட்டி ஒரு நாள்கூடக் காலியாகவில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன்.

மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் குனிந்து ஒரு வால்வைத் திருகுவார்கள். மீதியிருக்கிற நல்ல தண்ணீர் முழுக்கத் தரையில் கொட்டும். காரில் ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு வயிறு எரியும். முதல் வருடம் பொறுக்க முடியாமல் ஒருவருடைய டிரெய்லருக்கு அடியில் தவழ்ந்து போய் என் பக்கெட்டை வைத்துவிட்டேன். அவர் பயந்து ஆபீஸில் சொல்லிவிட்டார். விருந்தாளிகளின் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது என்று மேனேஜர் எனக்கு எழுத்தில் கொடுத்தார். இப்படி ஒரு கடிதம் வாங்கிய ஆள் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வண்டியோடு ஒரு புத்தகம் வந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். தொட்டியை அடிக்கடி முழுக்கக் காலி செய்ய வேண்டும், வருடத்துக்கு இரண்டு முறையாவது பிளீச் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று எழுதியிருந்தது. வண்டியை ஷெட்டில் போட்டு மூடிவிட்டுப் போகிறவர்களுக்கு எழுதியது என்று நினைத்துக்கொண்டேன். நான் தினமும் புழங்குகிறேனே, புழங்குகிற தண்ணீர் எப்படிக் கெடும்? மேலே மேலே புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதானே இருக்கிறேன்?

நான் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. ஸ்டெல்லா ஏற்படுத்திய பழக்கம். காலையில் ஒரு கெட்டில் காய்ச்சி ஆறவைத்து, நாள் முழுக்க அதைத்தான் குடிப்பேன். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் நல்லதாகப் போயிருக்கும்.

3

ஊரில் நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொன்னால் இங்கே யாருக்கும் புரிவதில்லை. நான் தண்ணீர் திறக்கிறவன். மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரில், மேல்நிலைத் தொட்டிக்கு ஆபரேட்டர். விடியும்போது மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, ஆளுயர இரும்புச் சாவியால் மூன்று வால்வுகளை வரிசையாகத் திறந்து மூட வேண்டும்.

முதலில் ஊர்த் தெரு, அடுத்து மேட்டுத் தெரு, கடைசியில் காலனி. இந்த வரிசை எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் அப்படித் திறந்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். நான் காலனிக்காரன். எங்கள் குடும்பத்துக்குக் காணி நிலம் கிடையாது, அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்தவர்கள். வால்வுச் சாவி என் கைக்கு வந்தபோது காலனியில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சாவிதான் என் கைக்கு வந்தது, வரிசை வரவில்லை.

இரண்டு தெரு பிடித்து முடிக்கும்போது தொட்டி அடியைத் தொட்டிருக்கும். துரு, சேறு, புறா இறகு எல்லாம் கலந்த கடைசித் தண்ணீர் எங்கள் குழாய்க்கு வரும். என் அம்மா குடத்தின் வாயில் பழைய வேட்டித்துணியை நாலு மடிப்பாகக் கட்டித்தான் பிடிப்பாள். துணியை அவிழ்த்தால் செம்மண் பூசியது போல இருக்கும்.

வரிசையை மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். தொட்டிக்குள் ஒரு மூங்கில் கழியை விட்டு, மூன்றில் ஒரு பங்கில் கோடு கிழித்துவிட்டேன். தண்ணீர் அந்தக் கோட்டுக்கு இறங்கும் முன்பே மேட்டுத் தெரு வால்வை மூடிவிட்டு, மறுபடியும் மோட்டார் போட்டு ஏற்றிக்கொண்டு, பிறகு காலனிக்குத் திறப்பேன். அடியில் இருப்பது அடியிலேயே நிற்கும், மேல் தண்ணீர்தான் எங்களுக்கு வரும்.

"இன்னாப்பா, அதுக்குள்ள நிறுத்திட்ட? ரெண்டு கொடம்கூட இன்னும் ரொம்பல" என்று மேட்டுத் தெருவிலிருந்து சத்தம் வரும்.

"கரண்டு வந்து வந்து போவுதுங்க. நான் இன்னா பண்ணட்டும்? பேஜாராத்தான் கீது" என்பேன்.

அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு முறை சட்டையைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் அம்மா துணி கட்டாமல் குடம் வைத்த நாளில், நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். தொட்டியைக் காலியாக விடக்கூடாது என்பது என் உடம்பில் ஏறியது அங்கேதான்.

கழுவாமல் விட்டவனும் இல்லை நான். மாதம் இரண்டு முறை ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கி, தென்னந்துடைப்பத்தால் சுவரைத் தேய்த்து, அழுக்கை அடியில் இருக்கிற குழாய் வழியாக வெளியே தள்ளி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவேன். இங்கே அதைச் செய்யாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. மூடிய பெட்டிக்குள் காக்கை வராது, பல்லி விழாது, இலை உதிராது. அழுக்கைக் கண்ணால் பார்த்தால்தான் துடைப்பத்தை எடுக்கத் தெரியும் எனக்கு. பார்க்க முடியாததைப் பற்றிச் சொன்ன புத்தகத்தை நான் நம்பவில்லை.

4

ப்ரீத்தி இங்கிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறாள். அம்மா போன பிறகு ஞாயிறுதோறும் போன் பண்ணுவாள். முழுக்க ஆங்கிலம்தான். எட்டு வயதுவரை தமிழ் பேசினாள். பிறகு பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு ஒன்று, வீட்டில் பேசுவதற்கு ஒன்று என்று இரண்டு தூக்குவது அவளுக்குப் பாரமாகிவிட்டது. நாங்களும் வற்புறுத்தவில்லை. ஸ்டெல்லாவுக்கு ஷிப்ட் வேலை, எனக்கு லாரி டிப்போவில் வேலை, மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால்தானே பேச்சு வரும்? இப்போது என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று தோன்றும்போது மட்டும் இரண்டு வாக்கியம் தமிழில் பேசுவாள். அந்த இரண்டு வாக்கியம் வந்தாலே, ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஈதனைக் கோடையில் ஒரு வாரம் என்னிடம் விடச் சொல்லி மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒருவன்தான் எனக்கு மிச்சம். அவனும் என்னைப் படத்தில் பார்த்த ஆளாக நினைத்து வளர்ந்துவிடுவானோ என்று பயம். ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் சொல்வாள். நீச்சல் வகுப்பு, அவனுக்குச் சின்ன வயது, அங்கே அவனுக்குப் பொழுது போகாது. இந்த வருடம் அவளுக்கு வெளியூரில் ஒரு வாரப் பயிற்சி வந்தது. பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. வேறு வழியில்லாமல் என்னிடம் கேட்டாள். வேறு வழியில்லாமல் கேட்டால் என்ன, கேட்டாளே என்று நான் துள்ளினேன்.

அவன் வருவதற்கு முந்தின நாள் இரண்டு கேன் தள்ளிவந்து, துவாரத்தில் வழிகிறவரை ஊற்றினேன். மூன்று விளக்கும் எரிந்தன.

ஐந்து நாள் எனக்குத் திருவிழாதான். மோட்டார் உர்ரென்றதும் "தாத்தா, வண்டி உறுமுது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்பான். தாத்தா என்ற சொல் மட்டும் தமிழ். அதுவும் 'டாட்டா' என்று வரும். என்னோடு கைவண்டியைத் தள்ளினான், புனலைப் பிடித்தான். வேறு யாராவது அவ்வளவு நேரம் குளித்திருந்தால் கதவைத் தட்டியிருப்பேன். இவன் குளிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடியும் கேனைத் தூக்கினேன்.

காலையில் பல் துலக்கிவிட்டு, கையைக் குவித்து அந்தக் குழாயிலேயே குடித்துவிடுவான். அவன் வீட்டில் அப்படித்தான் பழக்கம், இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். காய்ச்சின தண்ணீர் கெட்டிலில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாய், அதில் என் பேரன் நின்ற இடத்தில் கை நீட்டி வயிறு நிறையக் குடிக்கிறான். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்காக நான் என்னை மன்னிக்கவே மாட்டேன்.

ஆறாம் நாள் காலையில் வயிறு வலிக்கிறது என்றான். மதியத்துக்குள் நாலு முறை போய்விட்டான். உடம்பு கொதித்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன், உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தேன். ப்ரீத்திக்குப் போன் பண்ண வேண்டும் என்று எனக்குத் தெரியும். போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். சொன்னால் அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள், இனிமேல் விடமாட்டாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்று ஒரு நாள் முழுக்க அவளிடம் சொல்லாமல் இருந்தேன். மறுநாள் காலையில் அவன் எழுந்து உட்கார முடியாமல் என் மடியில் சாய்ந்தபோதுதான் சொன்னேன். நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், கையில் ஊசி குத்தி டிரிப் ஏற்றினார்கள்.

ப்ரீத்தி என்னைத் திட்டவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு நாள் முழுக்க ஏன் சொல்லலை அப்பா?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

5

அடுத்த வாரம் சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். ஈதனின் பரிசோதனையில் ஒரு கிருமி இருந்ததாம். பெயர் என் வாயில் நுழையவில்லை. அந்தக் கிருமி வந்தால் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்பது அவர்கள் வழக்கமாம். மிகவும் மரியாதையாகப் பேசினார். என்ன சாப்பிட்டான், எந்த ஆற்றில் இறங்கினான், எந்த மிருகத்தைத் தொட்டான் என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

கடைசியில் தொட்டிக்கு வந்தார். "தொட்டியைக் கடைசியாக எப்போது முழுக்கக் காலி செய்தீர்கள்?"

எனக்குக் கேள்வி நன்றாகவே புரிந்தது. இருபத்தேழு வருடம் இந்த நாட்டு அலுவலகங்களில் எத்தனையோ கேள்விகளுக்குத் தடுமாறியிருக்கிறேன். மனைவியின் இறப்புச் சான்றிதழ் வாங்கப் போய், 'உறவு' என்ற கட்டத்தில் 'நல்ல உறவு' என்று எழுதிக் கொடுத்தவன் நான். இந்தக் கேள்வியில் மட்டும் தடுமாறவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்.

"ஒரு முறைகூட இல்லை, மேடம்."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "ஒரு முறைகூடவா?"

"இரண்டு வருடம் எட்டு மாதம். எப்போதும் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே விட்டதே இல்லை."

என் மேட்டுத் தெரு வீரத்தை அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, நாளைக்கு ஓர் ஆள் வந்து தண்ணீர் மாதிரி எடுப்பார், அதுவரை அந்தக் குழாயைத் திறக்க வேண்டாம் என்று இன்னும் மென்மையாகச் சொன்னார். அந்த மென்மையில்தான் எனக்கு உறைத்தது.

ஆள் வந்தார். ஆபீஸ் குழாயிலும் என் குளியலறைக் குழாயிலும் சின்னப் புட்டிகளில் பிடித்து, என் குழாயின் மேல் மஞ்சள் நாடா ஒட்டிவிட்டுப் போனார். நாலு நாள் கழித்துத் தாள் வந்தது. ஆஸ்பத்திரித் தாளில் இருந்த அதே நீளமான பெயர் அதிலும் இருந்தது. ஆபீஸ் குழாயில் அது இல்லை. என் தொட்டியில் இருந்தது.

6

என் தம்பி ஏழுமலைக்குப் போன் பண்ணினேன். நான் விட்டுவந்த வேலையை அவன்தான் இன்னும் பார்க்கிறான். எங்கள் ஊர்த் தொட்டி இப்போது புதிதாகக் கட்டியது. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது, மூன்று தெருவுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் போகிறது. வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முழுக்கக் கேட்டான். "இன்னாண்ணா சொல்ற நீ?" என்றான். "மாசத்துக்கு ரெண்டு தபா உள்ள எறங்கித் தேச்சிக்கினு இருந்த ஆளு நீ. எனுக்கே நீதான கத்துக் குடுத்த?"

"இதுல எறங்க முடியாதுடா. கட்டவிரல் அளவுக்குத்தான் ஓட்டை."

"எறங்க முடியாத டேங்கி தண்ணிய எப்டிண்ணா புள்ளைக்குக் குடுத்த?"

அவனுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. "சரி வுடுண்ணா. புள்ள இப்ப நல்லாக்கிறான் இல்ல, அது போதும். நீ ஜல்தியா அத்தக் கழுவற வேலையப் பாரு. அழுதுக்கினு இருக்காத" என்றான். நான் அழுதது அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் படுத்து, அந்த வால்வைத் திருகினேன். முதலில் தெளிவாகத்தான் வந்தது. அரை மணி நேரம் தெளிவாகவே வந்தது. நான் வைத்திருந்த வெள்ளை பக்கெட்டைப் பார்த்தால், இதையா வேண்டாம் என்றார்கள் என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள். பிறகு வேகம் குறைந்தது. கடைசி இரண்டு பக்கெட் பழுப்பாக, மூக்குச்சளி போலக் கொழகொழவென்று இழுத்துக்கொண்டு வந்தது. பாசி வாடை. எங்கள் தெருவுக்கு வரக்கூடாது என்று அத்தனை வருடம் கழி போட்டுக் காத்தேனே, அதே அடித் தண்ணீர். அதை இரண்டு வருடம் எட்டு மாதம் பத்திரமாகச் சேர்த்து வைத்து, என் பேரனுக்குக் கொடுத்திருக்கிறேன். தரையில் படுத்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். பக்கத்து வண்டியிலிருந்து ஒரு அம்மாள் குனிந்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். குழாய் ரிப்பேர் என்றேன்.

புத்தகத்தில் இருக்கிறபடி செய்தேன். பிளீச்சை அளந்து தண்ணீரில் கலந்து ஊற்றி, தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயாகத் திறந்து மருந்து வாடை வரும்வரை விட்டு, மூடி, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் தரையில் கொட்டினேன். மறுபடியும் நிரப்பிக் கொட்டினேன். மருந்து வாடை போகிறவரை நாலு முறை. இப்போது மாதம் இரண்டு முறை அப்படிச் செய்கிறேன். புத்தகம் அவ்வளவு கேட்கவில்லை. கொட்டும்போது இப்போதும் வயிறு எரிகிறது, ஆனாலும் கொட்டுகிறேன்.

தண்ணீரைப் புட்டியில் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். ஒரு குறையும் இல்லை என்று தாள் வந்தது. அதைப் படமெடுத்து ப்ரீத்திக்கு அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்திய பொம்மை ஒன்று பதிலாக வந்தது. அந்தத் தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஈதனின் பிறந்தநாளுக்கு வருகிறோம் என்று அவள் எழுதியபோது, தாள் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

7

பதினோரு மணிக்கு வந்தார்கள். ஈதன் இளைத்திருந்தான், ஆனால் ஓடி வந்தான். ப்ரீத்தி காரின் பின்பக்கத்திலிருந்து கேக்கை எடுத்தாள். அடுத்ததாக ஒரு பெட்டி தண்ணீர்ப் பாட்டில் எடுத்து, வெளியே மரமேசையின் மேல் வைத்தாள். மறைத்து வைக்கவில்லை, காட்டிக்கொள்ளவும் இல்லை.

ஈதன் உள்ளே போகலாமா என்று கேட்டான். வெயில் நன்றாக இருக்கிறது, வெளியேயே விளையாடு என்றாள். வந்தவன் கையில் ஒரு பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். கேக் வெட்டினோம். அவன் எனக்கு ஊட்டினான். கைகழுவ உள்ளே போகத் திரும்பியவனை, ஈரத்தாளில் துடைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தவள் அவள்.

அடுத்த கோடையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தேன். நேராகக் கேட்க வரவில்லை. அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டு, குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். "பார்த்தேன்பா, அனுப்பினீங்களே" என்றாள். குழாயைத் திறந்தேன். மோட்டார் உறுமியது. ஒரு டம்ளர் பிடித்து, காய்ச்சாமல், அவள் பார்க்க நான் குடித்தேன். டம்ளரைக் கழுவி, இன்னொரு முறை பிடித்து, அவளிடம் நீட்டினேன்.

அவள் கையை லேசாக முன்னால் காட்டினாள். சிரித்தாள். தமிழில் சொன்னாள்.

"வேணாம்பா. இப்பத்தான் குடிச்சேன்."

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். எங்கள் காலனி வீட்டுக்கு ஊர்த் தெருவிலிருந்து யாராவது வருவார்கள். அறுப்புக்கு ஆள் கூப்பிட வருவார்கள், மோட்டார் ஓடவில்லை என்று சொல்ல வருவார்கள், வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுதிக்கொண்டு போக வருவார்கள். என் அம்மா சொம்பைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் முகம் சுளித்ததில்லை. கையை லேசாக முன்னால் காட்டி, சிரித்து, "வேணாம்மா, இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்" என்பார்கள். அவர்கள் வீட்டில் குடித்துவிட்டு வந்த தண்ணீரும் நான் உள்ளே இறங்கிக் கழுவிய தொட்டியிலிருந்து, நான் திறந்துவிட்ட வால்வு வழியாகப் போனதுதான்.

ப்ரீத்திக்கு இது எதுவும் தெரியாது. இது தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்த்ததுதான், நானும் ஸ்டெல்லாவும் இந்த நாட்டுக்கு வந்து செய்த ஒரே காரியம். அவளுக்குக் காரணம் இருந்தது, அவர்களுக்கு இல்லை. இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்த வித்தியாசம் ஒன்றுக்கும் உதவவில்லை.

அடுத்த கோடையைப் பற்றி நான் கேட்கவில்லை.

"சரிம்மா" என்றேன். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லிவிட்டு, சொம்பை உள்ளே எடுத்துக்கொண்டு போவாள்.